வெள்ளிக்கிழமை மட்டும் புடவை

நான்கு ஆண்டுகள் என்னிடம் லேப் டெக்னீஷியனாக வேலை பார்த்த ஒருவரைப் பற்றிச் சிதம்பரத்தில் ஒரு மருத்துவமனையிலிருந்து தொலைபேசியில் விசாரித்தார்கள். "டெக்னீஷியனா? அப்படி யாரும் எங்ககிட்ட இல்லீங்களே. வெள்ளிக்கெழமையில சூடம் காட்ட ஒருத்தர் வருவாங்க. அவுங்களச் சொல்றீங்களா?" என்று கேட்டேன். அது பொய். அதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பேசும்போது மூக்குக் கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டிருந்தேன். என் மேசையிலிருந்து பத்தடி தள்ளி, பின்னறையில், அவர் அன்றைய ரத்த மாதிரிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். இயந்திரம் சுற்றும் சத்தம் எனக்குக் கேட்டது. அந்தச் சத்தத்தில் நான் பேசியது அவருக்குக் கேட்டிருக்காது.

எனக்கு இப்போது எழுபத்து மூன்று வயது. வேதியியலில் முதுகலை படித்து, முப்பது வருடம் ஒரு தொழிற்சாலையில் கெமிஸ்டாக இருந்து ஓய்வுபெற்றவன். படிக்காதவன், தெரியாமல் செய்துவிட்டான் என்று எனக்காக யாரும் பரிந்து பேச முடியாது.

ஓய்வுபெற்ற பிறகு கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சிறிய ரத்தப் பரிசோதனை நிலையம் தொடங்கினேன். என் மனைவியின் தம்பி அந்தத் துறையில் பட்டம் பெற்றவன். அவனுக்கு வேறு ஊரில் வேலை. அவன் பெயரில்தான் அறிக்கைகள் போகும் என்று ஏற்பாடு. தினசரி வேலைக்கு ஓர் ஆள் தேவை என்று ஷட்டரில் தாள் எழுதி ஒட்டியிருந்தேன்.

திறப்பு நாளன்று காலையில் திருவந்திபுரம் போய்ச் சாவியைப் பெருமாள் காலடியில் வைத்து எடுத்து வந்தோம். எங்கள் பக்கத்தில் புதுக்கடை திறந்தால் ஒரு திருநங்கையைக் கொண்டு சூடம் காட்டச் சொல்வது வழக்கம். அவர்கள் கை பட்டால் கடை ஓடும் என்பார்கள். மைத்துனன் ஒருவருக்குச் சொல்லி வைத்திருந்தான், அவர் வரவில்லை. நல்ல நேரம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது நீலப் புடவையில் ஒருவர் வாசலில் வந்து நின்றார். என் மனைவி ஒன்றும் கேட்காமல் தட்டை அவர் கையில் கொடுத்தாள்.

"வாம்மா, இன்னா இவ்ளோ லேட்டு? நேரம் போவுது, காட்டு காட்டு."

அவர் தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தெருவில் நின்றிருந்த சொந்தக்காரர்களைப் பார்த்தார். பிறகு சூடத்தைக் கொளுத்தி ஷட்டருக்கு எதிரே சுற்றினார். இடப்பக்கமாகச் சுற்றினார். மனைவி அவர் மணிக்கட்டைப் பிடித்து வலப்பக்கம் திருப்பிவிட்டாள். "புதுசு போல" என்று யாரோ சிரித்தார்கள். பூசணிக்காயை அவர் முதல் முறை போட்டபோது உடையவில்லை. மைத்துனன்தான் இரண்டாவது முறை போட்டு உடைத்தான். மனைவி வெற்றிலை பாக்கில் ஒரு நாணயம் வைத்து நீட்டினாள். அவர் அதை வாங்கி மேசை ஓரத்தில் வைத்துவிட்டுத் தோள்பையைத் திறந்து ஒரு ஃபைலை எடுத்தார்.

"சார், லேப் டெக்னீஷியன் வேணும்னு ஒட்டியிருந்தீங்களே, அதுக்குத்தான் வந்தேன்."

ஃபைலைப் பிரித்தேன். இரண்டு ஆண்டு டிப்ளமா, முதல் வகுப்பு. சான்றிதழில் ஒரு ஆண் பெயர் இருந்தது. எந்த மதத்துக்காரரும் வைக்கக்கூடிய சாதாரணத் தமிழ்ப் பெயர். என் கையை நீட்டி ரத்தம் எடுக்கச் சொன்னேன். ஊசி உள்ளே போனதே தெரியவில்லை. அன்றே வேலைக்கு எடுத்துக்கொண்டேன்.

தட்டைக் கொடுத்தது தெரியாமல் நடந்த தவறு. அதற்கு அன்றே மன்னிப்புக் கேட்டேன், அவரும் சிரித்தார். அதன் பிறகு நான் செய்தவை எல்லாம் தெரிந்தே செய்தவை.

நான் போட்ட நிபந்தனைகள் இவை. பேன்ட் சட்டை போட்டுக்கொண்டு வர வேண்டும். முடியைத் தொப்பிக்குள் அடக்கிக்கொள்ள வேண்டும். பின்னறையில்தான் வேலை, ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் முன்னால் வரக் கூடாது. முன்னால் ரத்தம் எடுப்பதை நானே கற்றுக்கொண்டு சுமாராகச் செய்தேன். அறிக்கையில் அவர் பெயர் வராது. மைத்துனன் வாரம் ஒருமுறை வந்து வெற்றுத் தாள்களில் கையெழுத்துப் போட்டு ஒரு கட்டாக வைத்துவிட்டுப் போவான். அவர் சோதனை செய்து எழுதிக்கொடுக்கும் எண்களை நான் அந்தத் தாள்களில் அச்சடித்துக் கொடுப்பேன்.

"டாக்டருங்க இன்னா நெனைப்பாங்கன்னு பாக்கணும் இல்லியா தம்பி?" என்று அவரிடம் சொன்னேன். ஆம், தம்பி என்றுதான் கூப்பிட்டேன். நான்கு வருடமும் 'வா, போ' தான். இங்கே 'அவர்' என்று எழுதுகிறேன். அன்று என் வாயில் அந்தச் சொல் வரவில்லை.

இதில் ஒரு விலக்கு உண்டு. முதல் வாரமே கூட்டம் நன்றாக வந்தது. மைத்துனன் சொன்னான், "மாமா, அது கை ராசிதான். வுட்றாதீங்க. வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை அதையே காட்டச் சொல்லுங்க. ஆனா பேன்ட் சட்டையில காட்டுனா எடுபடாது மாமா, புடவை கட்டிக்கினு வரணும்." எனக்கும் அது சரியாகவே பட்டது. எனவே வெள்ளிக்கிழமை மட்டும் அவர் புடவை கட்டிக்கொண்டு நெல்லிக்குப்பத்திலிருந்து பஸ் ஏறி வருவார். ஷட்டருக்குச் சூடம் காட்டுவார். பிறகு பின்னறைக்குப் போய்ப் புடவையை அவிழ்த்து மடித்துவிட்டுச் சட்டை போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்குவார். தெருவுக்குத் தெரிந்தவர் சூடம் காட்டுகிறவர். அந்த லேபை நடத்தியவர் யார் என்று தெருவுக்குத் தெரியாது. இதில் எனக்கு ஓர் உறுத்தலும் இருக்கவில்லை. வேலை கொடுத்த புண்ணியவான் என்று என்னை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருமுறை மட்டும் அவர் முன்னால் வந்தார். காடாம்புலியூரிலிருந்து ஒரு வயதான அம்மாள் வந்திருந்தார். முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்துக் கறை ஏறிய கைகள். நான் மூன்று இடத்தில் குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை.

"ஏம்ப்பா, நீ ஊசி குத்துறியா, பல்லாங்குழி ஆடுறியா?" என்றார் அந்த அம்மாள்.

வேறு வழியில்லாமல் அவரைக் கூப்பிட்டேன். வந்தார், கையைத் தடவிப் பார்த்தார், ஒரே குத்தில் எடுத்தார். அந்த அம்மாள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "யார் வூட்டுப் பொண்ணும்மா நீ? கை இன்னா பூ மாதிரி இருக்குது" என்றார். அவர் அன்று சட்டை பேன்ட் தொப்பியில் இருந்தார். அந்த அம்மாளுக்குக் கண் பார்வை மங்கலா, இல்லை நன்றாகவே தெரிந்து சொன்னாரா, எனக்குத் தெரியாது. தொப்பிக்குக் கீழே எங்கள் டெக்னீஷியனின் முகம் மலர்ந்துபோனது. அந்த அம்மாள் போன பிறகு நான் சொன்னது: "இனிமே நான் கூப்பிட்டாலும் முன்னாடி வராத."

"சரிங்க சார்" என்று உள்ளே போனார்.

நான்காவது வருடம் ஒரு நாள், வேலை முடிந்ததும் என் மேசைக்கு எதிரே வந்து நின்றார்.

"சார், சிதம்பரத்துல ஒரு ஆஸ்பத்திரியில டெக்னீஷியன் எடுக்கறாங்க. எங்கள மாதிரி ஆளுங்களும் வரலாம்னு வெளம்பரத்துலயே போட்டுருக்காங்க. புடவை கட்டிக்கிட்டே வேலை பாக்கலாமாம் சார். ஏழு நாளும்." கத்தரித்து வைத்திருந்த விளம்பரத்தை என் மேசையில் வைத்தார். "இங்க வேலை பாத்தேன்னு ஒரு லெட்டர் மட்டும் குடுங்க. எப்படியும் ஃபோன் போட்டு ஒங்களக் கேப்பாங்களாம்."

"அதுக்கென்ன, கேக்கட்டும்" என்றேன். கடிதத்தை மட்டும் நாள் தள்ளினேன். லெட்டர்ஹெட் தீர்ந்துபோச்சு என்றேன். ரப்பர் ஸ்டாம்பைக் காணோம் என்றேன்.

தொலைபேசி வந்த நாளில் மைத்துனன் என் எதிரே உட்கார்ந்து வெற்றுத் தாள்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். "ஒங்க லேப்ல ஒரு திருநங்கை டெக்னீஷியனா இருக்காங்கல்ல, அவுங்க எத்தனை வருஷமா டெஸ்ட் பண்றாங்க சார்?" என்று மறுமுனையில் ஒரு பெண் குரல் கேட்டது. மைத்துனனின் பேனா நின்றது. அவர் சோதனை செய்தார் என்று சொன்னால் இந்தக் கையெழுத்துகள் எப்படி வந்தன என்ற கேள்வி வரும். அந்தப் பயத்தில்தான் பொய் சொன்னேன் என்று நீண்ட நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். உண்மையில் பயம் பாதிதான். மீதிப் பாதி, அவர் போய்விட்டால் அப்படி ஓர் ஆள் எனக்குக் கிடைக்காது என்பது.

மறு வெள்ளிக்கிழமை அவர் வழக்கம்போலப் புடவையில் வந்தார். சூடம் காட்டினார். தட்டை என் மேசை மேல் வைத்தார். பின்னறைக்கு உடை மாற்றப் போகவில்லை. திரும்பி நடந்து பஸ் நிறுத்தத்துப் பக்கம் போய்விட்டார். அதன் பிறகு வரவில்லை. சிதம்பரத்திலிருந்து சொல்லியிருப்பார்கள், அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. அடுத்த வாரமே வேறு ஆள் தேடி ஷட்டரில் தாள் ஒட்டினேன்.

இரண்டு வருடம் கழித்துச் சிதம்பரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். சாப்பிட்டுவிட்டு, மனைவி கேட்ட இட்லிப் பானை வாங்கக் கீழவீதியில் ஒரு பாத்திரக்கடைக்குப் போனேன். வெள்ளிக்கிழமை. கடைக்காரர் பானையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே, "ஒரு நிமிஷம் இருங்க சார், கை ராசிக்காரங்க வராங்க, காட்டிட்டுப் போவட்டும்" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். தட்டோடு அவர் வந்துகொண்டிருந்தார்.

கடைக்குள் ஏறி, கல்லாவுக்கும் சாமி படத்துக்கும் சூடம் காட்டினார். வலப்பக்கமாக, பதறாமல், பழகிய கையால் மூன்று சுற்று. பிறகு தட்டை நீட்டத் திரும்பியவர் என்னைப் பார்த்தார். பாத்திர அடுக்கைப் பிடித்துக்கொண்டேன். நான் சொன்ன பொய் எதிரே உயிரோடு நின்றது. தொலைபேசியில் நான் அவரை என்னவென்று சொன்னேனோ அதுவாகவே அவர் ஆகியிருந்தார்.

"தொட்டுக்குங்க சார்" என்று தட்டை நீட்டினார்.

தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

"ஒங்களுக்குத் தெரிஞ்சவங்களா சார்?" என்றார் கடைக்காரர்.

இந்த முறையாவது உண்மையைச் சொல்ல வேண்டும் என்று நினைத்து, "எங்க லேப்ல நாலு வருஷம் டெக்னீஷியனா இருந்தாங்க. ரொம்பக் கெட்டிக்காரங்க" என்றேன்.

கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "சார் நல்லா தமாஷ் பண்றாரு!" என்று கல்லாவில் தட்டினார். மரியாதைக்காக, தட்டோடு நின்ற அவரும் கூடச் சிரித்தார். உண்மை அங்கே ஒரு வேடிக்கைப் பேச்சாகிவிட்டது. அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

வெளியே வந்து அவர் பின்னாலேயே நடந்தேன். "என்னம்மா இது?" என்று கேட்டேன். அவரை நான் 'அம்மா' என்றது அதுதான் முதல் முறை.

அவர் நிற்காமல் சொன்னார். "நாலு எடத்துல கேட்டேன் சார். எல்லாரும் முன்ன எங்க வேலை பாத்தேன்னுதான் கேக்கறாங்க. இன்னான்னு சொல்றது? சூடம் காட்டத்தான் ஒரு எடத்துல நல்லா சொல்லி வச்சிருந்தாங்க." பிறகு நின்றார். "கோச்சிக்காதீங்க. இதையும் ஒங்க கடையிலதான கத்துக்கிட்டேன்."

அவர் கைப்பேசி எண்ணைக் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கொடுத்தார். இட்லிப் பானை வாங்காமலே திரும்பினேன்.

அன்று மாலை மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தொலைபேசியில் பொய் சொன்ன கதை அவளுக்கு அதுவரை தெரியாது. "மொதல்ல தட்டை அது கையில குடுத்தது நான்தான்" என்றாள். பிறகு, "எழுதுங்க. எல்லாத்தையும் எழுதுங்க" என்றாள்.

எழுதினேன். இன்னார் என் நிலையத்தில் நான்கு ஆண்டுகள் எல்லாச் சோதனைகளையும் செய்தார், அறிக்கைகளில் உள்ள கையெழுத்து சோதனைக்கு முன்பே வெற்றுத் தாளில் வாங்கப்பட்டது, விசாரித்தபோது நான் சொன்னது பொய் என்று ஒளிக்காமல் எழுதினேன். மைத்துனனுக்குப் படித்துக் காட்டினேன்.

"மாமா, எம் பொழப்புல மண்ணள்ளிப் போடறீங்க. யாரோ ஒருத்திக்காக."

அவன் 'ஒருத்தி' என்றதை நான் கவனித்தேன். கோபத்திலாவது அவனுக்கு அந்தச் சொல் வந்தது. அன்றிலிருந்து அவன் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. லேபையும் அந்த மாதமே மூடினேன்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு சிதம்பரம் மருத்துவமனைக்கு நேரிலேயே போனேன். அன்று தொலைபேசியில் பேசிய டாக்டர் அம்மாதான் லேபுக்குப் பொறுப்பு. என் மகள் வயது இருக்கும். கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"இவங்கள நாங்க ஏற்கனவே டெஸ்ட் வச்சுப் பாத்தோம் சார். அஞ்சு பேர்ல இவங்க ஒருத்தர்தான் எல்லா சாம்பிளையும் சரியாப் பண்ணாங்க. வேலை குடுக்கறதுன்னு முடிவே பண்ணிட்டோம். ஒங்களுக்கு ஃபோன் போட்டது சும்மா ஒரு நடைமுறைக்குத்தான். 'ஆமா'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா போதும்."

ஏதோ ஒரு வாய்ப்பைக் கெடுத்தேன் என்று நினைத்திருந்தேன். கைக்கு வந்துவிட்ட வேலையைத் தட்டிவிட்டிருக்கிறேன்.

"அந்தத் தாளையெல்லாம் என்ன பண்ணீங்க?" என்றார்.

"கிழிச்சிட்டேங்க."

"கிழிச்சா சரியாப் போச்சா?" என்று கேட்டுவிட்டு மறுபடி கடிதத்தைப் பார்த்தார். "இது யார் பேரு?"

"அவுங்க பேருதாங்க. சர்டிஃபிகேட்ல உள்ளது."

"இந்தப் பேர்ல எங்ககிட்ட யாரும் அப்ளை பண்ணலையே. அவங்க பேர முறைப்படி மாத்தி நாலஞ்சு வருஷம் ஆச்சு. ஒங்ககிட்ட இருக்கும்போதே மாத்தியிருக்காங்க. ஒங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. நான்கு வருடத்தில் நான் கேட்கவில்லை.

மருத்துவமனை வாசலில் நின்றே அவரைக் கைப்பேசியில் அழைத்தேன். விஷயத்தைச் சொல்லி, "ஒங்க பேரு என்னம்மா?" என்று கேட்டேன். சொன்னார். அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பைபிளில் வரும் ஒரு பெண்ணின் பெயர் என்று மட்டும் சொல்கிறேன்.

"அப்ப நீங்க...?"

"ஆமா சார். பொறந்ததுலேருந்து ஞாயித்துக்கெழமை சர்ச்சுக்குப் போறவ. ஒங்க தெறப்பு விழாவுலதான் மொதமொதலா அந்தத் தட்டையே புடிச்சேன். எந்தப் பக்கம் சுத்தணும்னுகூட ஒங்க வூட்டு அம்மாதான் திருப்பி வுட்டாங்க."

"நாலு வருஷம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாம்மா?"

"சொல்லியிருந்தா வெள்ளிக்கெழமைக்கு வேற ஆளப் பாத்திருப்பீங்க. அப்புறம் மத்த நாளுக்கு மட்டும் நான் எதுக்கு ஒங்களுக்கு?"

சோதனைக் குழாய்களை அவர் எப்படிக் கையாண்டார், எண்களை எவ்வளவு கவனமாக எழுதினார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அதற்காகத்தான் வைத்திருக்கிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அவரோ ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், தன்னுடையதல்லாத ஒரு சூடத்தைக் காட்டித்தான் அடுத்த வாரத்துக்கான வேலையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். அப்படி நினைக்கும்படிதான் நான் நடந்துகொண்டேன்.

சரியான பெயரில் கடிதத்தைத் திருப்பி எழுதிக் கொடுத்தேன். உடனே ஒன்றும் நடக்கவில்லை. இடம் நிரம்பிவிட்டது என்றார்கள். ஐந்து மாதம் கழித்து ஒருவர் வேலையை விட்டுப் போனபோது டாக்டர் அம்மா அவரைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார். முன்னால், ரத்தம் எடுக்கும் இடத்திலேயே வேலை. என்னிடம் இதை அவர் சொல்லவில்லை. டாக்டர் அம்மா சொல்லித்தான் தெரியும்.

ஆயுதபூஜை முடிந்த வாரத்தில் மனம் தாங்காமல் ஒருமுறை அவரை அழைத்தேன். எடுத்தார். வேலை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நல்லா இருக்கு சார். வேலை ஜாஸ்திதான்." பிறகு அவராகவே சொன்னார். "ஆயுதபூஜைக்கு மெஷினுக்கெல்லாம் பொட்டு வச்சாங்க. நர்ஸ் ஒருத்தவுங்க தட்டை நேரா எங்கிட்டதான் எடுத்துக்கினு வந்தாங்க. எனக்குத் திக்குனு ஆயிடுச்சு. நான் காட்ட மாட்டேங்க, எனக்குப் பழக்கம் இல்லன்னு சொல்லிட்டேன்."

"அதுக்கு அவுங்க...?"

"ஒண்ணும் சொல்லல சார். லிஃப்ட் ஆப்பரேட்டர் அண்ணன் வாங்கிக் காட்டினாரு. அப்புறம் எனக்கும் சேத்து சுண்டல் குடுத்தாங்க. அவ்ளோதான்." அவ்வளவுதானா என்று அவரே இன்னும் நம்பாததுபோல இருந்தது அவர் குரல்.

எனக்குச் சர்க்கரை உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்க வேண்டும். "அடுத்த தடவை நான் சிதம்பரத்துக்கே வந்து ஒங்ககிட்ட குடுக்கட்டுமாம்மா?" என்று கேட்டேன்.

"வேணாம் சார்" என்றார். கோபமில்லாமல், மரியாதையாகத்தான் சொன்னார். "நீங்க வந்து கைய நீட்டுனீங்கன்னா எனக்குக் கை நடுங்கும்."

அந்தக் கை நடுங்கி நான் பார்த்ததே இல்லை. நான் போகவில்லை. கடலூரிலேயே ஓரிடத்தில் கொடுக்கிறேன். இரண்டு மூன்று முறை குத்தித்தான் எடுக்கிறார்கள்.